சம்மட்டி ஆட்டத்தை நிறுத்திய ஞாயிறு

மல்யுத்த நிறுவனம் இன்றும் அரங்க வாசலில் வைத்து விற்கும் நிகழ்ச்சி மலரில் அவரைப் பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பு இப்படிப் போகிறது: "சம்மட்டி. உயரம் ஆறடி ஐந்து அங்குலம். எடை நூற்று நாற்பது கிலோ. பிறந்த ஊர் தெரியாது. பெற்றோர் தெரியாது. சுரங்கத்தில் கல் உடைத்து வளர்ந்தவன். இரக்கம், நட்பு, உறவு மூன்றும் அறியாதவன். கழுத்தைப் பிடித்தால் விடாதவன்."

இதில் உண்மை என்று எதையாவது காட்டச் சொன்னால் முற்றுப்புள்ளிகளைத்தான் காட்ட வேண்டும். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தைப் பூட்ஸுக்கு அடியில் ஒட்டிய ரப்பர் பார்த்துக்கொண்டது. சுரங்கத்தை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பிறந்த ஊர் அவருக்கு நன்றாகவே தெரியும். அப்பா அங்கே தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அம்மா கடைசிவரை மகனின் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்க வரவில்லை. பெற்ற பிள்ளை அடிவாங்குவதை டிக்கெட் எடுத்துப் பார்க்கும் அளவுக்குத் தனக்குக் கலை ரசனை இல்லை என்று சொல்லிவிட்டார். இரக்கம் அறியாதவர் ஊசி போட்டுக்கொள்ளும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடி இல்லாமல் எதிராளியின் முகம் தெரியாது என்பதால் அவர் முறைப்பதற்கு ஒரு தனி உக்கிரம் வந்திருந்தது. அதைப் பார்த்துக் குழந்தைகள் அலறின.

மல்யுத்தத்துக்கு வருமுன் அவர் மரச்சாமான் கடையில் பீரோ தூக்கிக்கொண்டிருந்தார். மல்யுத்த நிறுவனத்து முதலாளியின் அலுவலகத்துக்கு ஒரு பீரோ போயிற்று. குறுகலான படிக்கட்டு, இரண்டு திருப்பம். சுவரில் ஒரு கீறல் விழாமல் ஒற்றை ஆளாக மேலே கொண்டுபோய் நிறுத்தினார். முதலாளி பீரோவைப் பார்க்கவில்லை. தூக்கியவரின் தோளையும் முகத்தையும் பார்த்தார். இந்த மூஞ்சிக்கு வில்லன் வேஷம் போட்டால் கூட்டம் செருப்பை வீசும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். கணக்குத் தப்பவில்லை. ஆனால் அந்த ஆளிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு முகம் அல்ல, சுவரில் கீறல் விழாத அந்த நிதானம்தான் என்பது முதலாளிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. யார் ஜெயிப்பது என்பது மேடை ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும். பார்க்க வருபவர்களுக்கும் அது தெரியும். தெரியும் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். முடிவுதான் பொய், விழுவது நிஜம். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகைமேல் விரலளவு பஞ்சு, அதன்மேல் முரட்டுத் துணி. அதில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடவும் வேண்டும், மறுநாள் ஆட்டத்துக்கு அவர் உயிரோடு இருக்கவும் வேண்டும். ஆக, எதிராளியை அடிப்பது போலக் காட்டிக்கொண்டே அவரைக் காப்பாற்றுவதுதான் வேலை. சம்மட்டி இதில் கெட்டிக்காரர். கழுத்தை நெரிக்கும்போதே காதோரம், "மூச்சு வருதா? கையை இந்தப் பக்கம் தள்ளி வைக்கவா?" என்று விசாரிப்பார். அவரிடம் அடிவாங்க ஆட்களுக்குள் போட்டி இருந்தது.

அதிகம் அடிவாங்கியது, அதாவது அதிகம் ஜெயித்தது, மின்னல் என்று பெயர் போட்டு வந்த ஒல்லியான, சிரித்த முகக்காரர். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் உச்சியிலிருந்து தாவுவார். பெண்கள் கை தட்டுவார்கள். சம்மட்டிக்கும் மின்னலுக்கும் ஜென்மப் பகை என்று சுவரொட்டிகள் சொல்லின. நிஜத்தில் மின்னலின் அக்காவைத்தான் சம்மட்டி கல்யாணம் செய்துகொண்டார். பகைவர்கள் இருவருக்கும் உடை தைத்துக் கொடுத்ததும் அந்த அக்காதான். சம்மட்டியின் கறுப்பும் மின்னலின் வெள்ளையும் ஒரே தையல் மிஷினில், ஒரே நூல்கண்டு மாறி மாறி ஓடித் தயாராயின.

பகையைக் காப்பது நிறுவனத்தின் முதல் விதி. இருவரும் ஒரே பேருந்தில் வரக்கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக்கூடாது. கல்யாணத்துக்கு விதிவிலக்குக் கேட்டார்கள். முதலாளி யோசித்துவிட்டு, ரசிகர் யாராவது வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று கேட்டார். கடைசியில் மணப்பெண்ணின் தம்பி பரிமாறுபவரின் உடை போட்டுக்கொண்டு தட்டோடு நின்றார். கல்யாணப் படத்தில் குடும்பம் வரிசையாக முறைத்துக்கொண்டு நிற்க, ஓரத்தில் ஒரு பரிமாறுபவர் மட்டும் தன் வீட்டுக் கல்யாணம் போலச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அன்றைக்கு மணப்பெண் இருவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டு, "வெளிய எவ்வளவு வேணா அடிச்சுக்கோங்க. வீட்டுக்குள்ள வரும்போது ரெண்டு பேரும் முழுசா வந்து சேரணும்" என்றார். இருவரும் தலையாட்டினார்கள்.

முழுசாக வந்து சேர்வதற்கு இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. அது யார் கண்ணிலும் படாது. ஒருவர் மோசமாக விழுந்துவிட்டால் மற்றவர் அவர்மேல் பாய்ந்து முறுக்குவது போலப் பாவனை செய்து, அவர் கையை ஒருமுறை அழுத்துவார். நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு அழுத்தினால், இருக்கேன். பதில் வராவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது; நடுவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோல் வைப்பார், மணி அடிக்கும், ஸ்ட்ரெச்சர் வரும். பொய்யால் கட்டிய அந்தக் கூடாரத்தில் பொய் கலக்காத இடங்கள் கையை அழுத்துவதும் அந்தப் பெருக்கல் குறியும்தான்.

மின்னலுக்கு விளையாட்டுப் புத்தி. எதையும் சும்மா விடமாட்டார். சம்மட்டி உக்கிரமாக உறுமிக்கொண்டு கையை அழுத்தினால், பதிலுக்கு அழுத்தாமல் உள்ளங்கையில் கூச்சம் காட்டுவார். சில நாள் பதிலே தராமல் கண்ணை மூடிக் கிடந்து, சம்மட்டியின் முகம் வெளிறியதும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். இரக்கமற்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் எதிராளியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். கடிக்கிறான் என்று கூட்டம் கொதிக்கும்.

ஒரு நாள் மாலை மின்னல் தாவும்போது கயிற்றில் கால் வழுக்கிற்று. பிடிப்பதற்காக நின்ற சம்மட்டியின் கைக்கு எட்டாமல் தலை முதலில் தரையைத் தொட்டது. சம்மட்டி மேலே விழுந்து முறுக்கிக்கொண்டே கையை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தி, "மாப்ள, விளையாடாத" என்றார். பதில் இல்லை. முடிவானபடி அடுத்தது தூக்கிப் போடுவது. அதன்பின் மின்னல் துள்ளி எழுந்து ஜெயிக்க வேண்டும். சம்மட்டி தூக்கினார். பீரோ தூக்கிய அதே நிதானத்தோடுதான் தூக்கினார், போட்டார். மின்னல் எழவில்லை.

நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணி முடித்துச் சம்மட்டியின் கையை உயர்த்திவிட்டார். ஒரு பெரிய ஆட்டத்தில் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் அத்தனை செருப்புகளை அதற்குமுன் வீசியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று முதலாளி தடுத்தார். பூங்கொத்தோடு பகைவன் வார்டுக்குள் நுழைந்தால் தொழில் என்னாவது என்று கேட்டார். இப்போது நினைத்தால் யாராலும் நம்ப முடியாது. சம்மட்டி அதற்குக் கட்டுப்பட்டார். மனைவி மாடியில் தம்பியின் படுக்கையருகே இருக்க, அவர் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். மனைவி இறங்கிவந்து, விரல் அசைகிறது என்றோ, தண்ணீர் குடித்தான் என்றோ ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி ஏறுவார். மின்னல் பிழைத்தார். வலது கை தோளுக்குமேல் எழும்பாது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். முதலாளி அவருக்கு மேடையோரம் மணி அடிக்கும் வேலை கொடுத்தார். சம்மட்டிக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்தது: 'மின்னலை அழித்தவன்' என்று சுவரொட்டி அடித்தார்கள். அந்த வாசகத்தின் கீழ், முழங்கால் தேயும்வரை, ஊர் ஊராக ஆடினார்.

தவறு யாருடையது என்பதில் அந்தக் குடும்பத்தில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்றே நினைக்கிறார்கள். தினமும் விளையாடி விளையாடி அத்தானின் கையையே குழப்பிவிட்டேன் என்பார் மின்னல். மனைவி அதன்பின் மேடை உடை தைப்பதை மட்டும் விட்டுவிட்டுப் பள்ளிச் சீருடை தைக்கத் தொடங்கினார். சம்மட்டியைக் கேட்டால் கண்ணாடியைத் துடைப்பார்.

முழங்கால் போனபின் அவரைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். பழைய பெயின்ட் கிடங்கு ஒன்றில் பயிற்சி மேடை. சுவரெல்லாம் பல வண்ணத்தில் சொட்டு. சேர வருபவர்களெல்லாம் முதல் நாளே தூக்கிப் போடக் கற்றுக்கொள்ளும் ஆவலில் வருவார்கள். அவர் பல வாரம் விழ மட்டும் வைப்பார். தாடை நெஞ்சில் ஒட்டணும், மூச்சை வெளியே விடணும், உள்ளங்கை தரையை அறையணும். வில்லனாக வாழ்நாளெல்லாம் தோற்ற அனுபவம் இதற்கு நன்றாக உதவியது. கைப்பிடி விஷயத்தில் மட்டும் அவரிடம் சிரிப்பு கிடையாது. "மத்தது பூரா பொய்தான், அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. இது ஒண்ணுல மட்டும் பொய் கூடாது. பதில் வந்தா ஆடு. வரலன்னா நிறுத்து. அவன் உன் சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி, உன்னைக் கிண்டல் பண்றான்னு நெனச்சாலும் சரி, நிறுத்து." பெருக்கல் குறியை விளையாட்டுக்குக் காட்டிய ஒருவரை அன்றே பையோடு அனுப்பிவிட்டார்.

அந்தக் கிடங்குக்கு மின்னல் தன் மகளைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். மனைவியின் தம்பி மகள், முறைக்குச் சம்மட்டிக்கு மருமகள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கழுத்தைப் போக்கியவரிடமே பெண்ணையும் ஒப்படைப்பதா என்று அக்காவே கேட்டார். மின்னல் உடம்பு முழுவதையும் திருப்பி அக்காவைப் பார்த்து, "விழ வைக்கத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தான் அக்கா. வேற எங்க விடச் சொல்ற?" என்றார்.

மருமகளுக்கு அப்பாவின் தாவலும் இருந்தது, மாமாவின் நிதானமும் இருந்தது. இரண்டையும்விடப் பெரிய திறமை ஒன்று தானாக வந்திருந்தது: அடிபட்டுக் கிடப்பது. மற்றவர்கள் வலியைக் கத்தி நடித்தார்கள். அவள் ஒன்றும் செய்யமாட்டாள். உடம்பிலிருந்து யாரோ கயிற்றை உருவிவிட்டது போலத் தளர்ந்து கிடப்பாள். விரல்கள் மட்டும் லேசாக மடங்கியிருக்கும். பயிற்சியில் அவள் அப்படிக் கிடக்கும்போதெல்லாம் சம்மட்டி, தேவையே இல்லாமல், குனிந்து கையை அழுத்திப் பார்ப்பார். அவள் உடனே அழுத்துவாள். "இருக்கேன் மாமா, இருக்கேன். உங்களுக்குத்தான் உயிர் இல்ல" என்பாள்.

சம்மட்டி வர்ணனையாளர் ஆனது தற்செயல். வழக்கமாக வர்ணிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள் காதில் கருவியை மாட்டி உட்கார வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் மேடையில் உறுமியவருக்கு முழு வாக்கியம் பேச வரும் என்பதே பலருக்குச் செய்தி. பேச்சு மட்டும் அல்ல, அனுதாபமும் வந்தது. அதுவும் வில்லன்கள்மேல். "பாவம், அவரு கண்ணுல விரலை விட்டது தப்புதான். ஆனா காலையிலருந்து அவருக்கு உடம்பு சரியில்ல" என்று ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி அவரை நிரந்தரமாக்கினார்.

முடிவை வர்ணனையாளருக்குச் சொல்வதில்லை என்பது முதலாளி வைத்திருந்த வழக்கம். பொய்யான ஆச்சரியம் குரலில் தெரிந்துவிடும் என்பார். சம்மட்டிக்கோ தெரியாமல் உட்கார முடியாது. யாராவது தாவினாலே மேசையைப் பிடித்துக்கொள்வார். அதனால் மருமகள் ஆடும் நாட்களில் காலையில் அத்தை வீட்டுக்கு வந்து, டீ குடிக்கும்போதே முழு ஆட்டத்தையும் ஒப்பித்துவிடுவாள். எங்கே விழப்போகிறாள், எப்போது எழப்போகிறாள், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டு, மாலையில் ஒன்றும் தெரியாதவர்போல வியந்து பேசுவார். குரலில் யாருக்கும் எதுவும் தெரிந்ததில்லை. முதலாளியின் கொள்கைக்கு எதிரான சான்று பல வருஷம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் பெரிய தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து இருவர் வருவதாக ஏற்பாடாயிற்று. பெண்கள் ஆட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டால் வெளிநாட்டுப் பயிற்சி, உலகமெங்கும் ஆட்டம். மருமகள் அதற்காகத்தான் வளர்ந்தாள் என்றே சொல்லலாம். அப்பாவுக்கு நின்றுபோனதை அந்த இடத்திலிருந்து தொடர்வது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. முதலாளி ஒரு திட்டம் சொன்னார். அவள் தலைகீழாக விழுந்து அசையாமல் கிடப்பாள். நடுவர் பெருக்கல் குறி காட்டுவார். அரங்கம் உறைந்துபோகும். ஸ்ட்ரெச்சர் வாசலை நெருங்கும்போது அவள் குதித்து, ஓடிவந்து, ஜெயிப்பாள்.

மணி அடிப்பவருக்குச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் குறியைப் பார்த்ததும் அடித்துவிடுவார். மின்னல் கேட்டுவிட்டு, அந்தக் குறி வேண்டாமே என்று மெல்ல இழுத்தார். மகள், "அப்பா, அவங்க ஒரு தடவைதான் வருவாங்க" என்றாள். அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பின்னால் பல தடவை சொன்னார். மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்பதும் அவள் முடிவுதான். அவர் குரல் நிஜமாக உடைந்தால் அந்த இருவரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். அன்று காலை டீ குடிக்க வந்தவள் வேறொரு ஆட்டத்தை ஒப்பித்தாள். அதில் அவள் விழவே இல்லை.

மதியம் அரங்கம் நிறைந்திருந்தது. எதிராளி திடகாத்திரமான பெண், ராணி என்று பெயர் போட்டு வருபவள். ஆட்டம் நன்றாகவே போயிற்று. இருவரில் யாரை எடுப்பது என்று வந்தவர்கள் திணறியிருப்பார்கள். பிறகு மருமகள் கயிற்றின்மேல் ஏறினாள். காலையில் ஒப்பித்ததில் இது இல்லையே என்று சம்மட்டி நிமிர்ந்தார். அவள் தாவினாள், தலை முதலில் வந்தது, தளர்ந்து கிடந்தாள். விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. நடுவர் குனிந்து கையைப் பிடித்தார், எழுந்தார், இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்தார்.

முதலாளி எதிர்பார்த்தபடியே அரங்கம் உறைந்தது. எதிர்பாராதது, மணி அடிக்காமல் அசையாமல் உட்கார்ந்திருந்த மின்னலை மேசையின் மறுபக்கத்திலிருந்து சம்மட்டி பார்த்ததுதான். பெற்றவன் உறைந்துபோய்விட்டான் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? "நிறுத்துங்க," என்றார். ஒலிபெருக்கி திறந்திருந்தது. "இது ஆட்டம் இல்ல. நிஜமாவே அடிபட்டிருக்கு. யாரும் அவளைத் தூக்காதீங்க."

இந்தத் தொழிலில் சொல்லக்கூடாத வாக்கியம் அது. இது ஆட்டம் இல்லை என்றால் மற்றதெல்லாம் ஆட்டம் என்றாகிறது. அத்தனை வருஷம் தெரிந்தும் தெரியாதவர்களாக உட்கார்ந்திருந்த மக்கள் ஒரே நொடியில் பெரியவர்களாகி எழுந்து நின்றார்கள். குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். ராணி என்ன செய்வதென்று தெரியாமல், வாய் பாதி திறந்து, மேடை நடுவில் நின்றாள். தேய்ந்த முழங்காலோடு மேடை ஏறிய சம்மட்டி மண்டியிட்டார், அவள் கையை அழுத்தினார்.

அவள் அழுத்தினாள். உதடு அசையாமல், "மாமா, நான் நல்லாதான் இருக்கேன். இறங்கிப் போங்க" என்றாள்.

அவர் போகவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த விதிப்படி அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை, பதில் வந்தாயிற்று. ஆனாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார், கையை எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. கழுத்துப் பட்டை மாட்டினார்கள். மருமகளுக்கு அப்போதும் நேரம் இருந்தது. வாசலை நெருங்கும்போது குதித்து ஓடிவந்திருந்தால் திட்டம் ஒருவிதமாக நிறைவேறியிருக்கும். அவள் குதிக்கவில்லை. கண்ணை மூடியபடியே வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

தொலைக்காட்சிக்காரர்கள் ராணியை எடுத்துக்கொண்டார்கள். அவள் திகைத்து நின்ற முகம் அபாரமான நடிப்பு என்று அவர்கள் சொன்னதாகக் கேள்வி. அந்த நாளில் அந்த அரங்கத்தில் நடிப்பே இல்லாமல் இருந்த இரண்டு முகங்களில் ஒன்று அது.

முதலாளி சம்மட்டியை அழைத்துக் கத்தவில்லை. நிறுவனத்தின் வரலாற்றில் அன்றுபோல் எந்த அரங்கமும் அமைதியாக இருந்ததில்லை என்று மட்டும், பாராட்டா குற்றச்சாட்டா என்று விளங்காத குரலில் சொன்னார். காதுக் கருவியைச் சம்மட்டியே திருப்பிக் கொடுத்துவிட்டார். மின்னல் ஒரு வாரம் அக்கா வீட்டுக்கு வரவில்லை. பிறகு வந்து, கல்யாணப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, மணியை அடித்திருந்தால் அத்தான் ஏறியிருக்க மாட்டார் என்றார். அது எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. இந்தத் தவறிலும் ஒரு பங்கு தனக்கு வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

மருமகள் தன் பூட்ஸை எடுத்துப் போகக் கிடங்குக்கு வந்தாள். மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த சம்மட்டி துடைப்பத்தைச் சாத்திவிட்டு நின்றார்.

"நான் அழுத்தினேனா இல்லையா?" என்றாள்.

"அழுத்தின."

"தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

கண்ணாடியைத் துடைக்கப் போனவர் துடைக்கவில்லை. "நம்பலம்மா" என்றார்.

"என்னையா?"

"என் கையை."

அவள் பூட்ஸின் கயிற்றை முடிந்து தோளில் போட்டுக்கொண்டாள். கோபமாகப் பேசத்தான் வந்திருந்தாள். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "அது எங்கப்பாவுக்குச் செய்ய வேண்டியது, மாமா. ஆள் மாத்திச் செஞ்சிட்டீங்க."

"ஆமா" என்றார்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "நான் எழுந்து ஓடியிருக்கலாம். கூட்டம் முழுக்க உங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும். நீங்க என் தலையைப் பிடிச்சுட்டு அழுதுட்டிருந்தீங்க. எப்படி எழுந்திருக்கிறது?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணாடியைத் துடைத்திருப்பார். அவள் இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்கு முதலில் விழச் சொல்லிக்கொடுக்கிறாளாம். தலைமையாசிரியருக்கு இது விசித்திரமாகப் படுகிறது. அத்தையைப் பார்க்க வருகிறாள். சம்மட்டி வீட்டில் இருக்கும்போது வருவதும் உண்டு. டீ குடிக்கிறார்கள், ஆட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அவள் அத்தை தைத்த சீருடைகளைத்தான் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு விழுகிறார்கள்.

சம்மட்டி பெயின்ட் கிடங்கில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார். பதில் வந்தால் ஆடு, வரவில்லை என்றால் நிறுத்து. இதைச் சொல்லும்போது முன்னைப்போல் குரலை உயர்த்துவதில்லை. புதிதாக வருபவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பல கதைகள் தெரியும். கிழவருக்கு அன்று புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கதை. ராணியிடம் ஏதோ வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் கெடுத்தார் என்று ஒரு கதை. மருமகளுக்கு நிஜமாகவே கழுத்து போயிற்று, குடும்பம் மறைக்கிறது என்று இன்னொன்று. நிகழ்ச்சி மலரோ அவர் இரக்கம், நட்பு, உறவு மூன்றும் அறியாதவர் என்று இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

அன்று அவர் செய்தது: காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், கயிற்றுக்கு அடியில் குனிந்து மேடைக்குள் போனார், அடி எதுவும் படாத ஒரு பெண்ணின் தலையை, ஸ்ட்ரெச்சர் வரும்வரை, இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.